அப்பாவை ஏமாற்றிய யாக்கோபு தப்பித்துவிட்டானா?

கேள்வி இது: யாக்கோபு பெற்ற அப்பாவையே ஏமாற்றி ஆசீர்வாதம் வாங்கினான். கடவுள் அவனை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. பன்னிரண்டு கோத்திரத்துக்கும் தகப்பனாக்கினார். அப்படியானால் வஞ்சனையைப் பற்றி பைபிள் சொல்வதெல்லாம் ஊருக்கு உபதேசம்தானா?

நியாயமான கேள்வி. நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த வருஷங்களில் பிள்ளைகள் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: "அப்போ ஏசா பாவம்தானே சார்?" ஆமாம், பாவம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்கு நழுவிவிடுவேன். என்னிடம் பதில் இல்லை. வெகுநாள் கழித்து, ஆதியாகமம் 25 முதல் 50 வரை ஒரே மூச்சில் வாசித்தபோதுதான் என் தப்பு புரிந்தது. பாடப் புத்தகம் இந்தக் கதையை வாரத்துக்கு ஒரு துண்டாக நறுக்கிக் கொடுத்துவிடுகிறது. 27ஆம் அதிகாரத்தில் தண்டனையைத் தேடினால் கிடைக்காது. அது பத்து அதிகாரம் தள்ளி, மறுபடியும் ஒரு வெள்ளாட்டோடு வருகிறது.

முதலில் அந்த அறைக்குள் போவோம். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன், அதுதான் எனக்கு மனப்பாடம்.

ஈசாக்குக்குக் கண் தெரியவில்லை. சாவு நெருங்கிவிட்டது என்று நினைக்கிறார். மூத்த மகன் ஏசாவைக் கூப்பிட்டு, வேட்டையாடி ருசியாகச் சமைத்துக் கொண்டுவா, சாப்பிட்டுவிட்டு உன்னை ஆசீர்வதிக்கிறேன் என்கிறார். ரெபெக்காள் இதை ஒட்டுக்கேட்கிறாள். இளையவன் யாக்கோபுதான் அவளுக்குச் செல்லப்பிள்ளை. "இரண்டு நல்ல வெள்ளாட்டுக்குட்டிகளைக் கொண்டுவா" என்று அவனை விரட்டுகிறாள். யாக்கோபுக்குப் பயம். அந்தப் பயம் எதைப் பற்றியது என்று பாருங்கள்: "ஒருவேளை என் தகப்பன் என்னைத் தடவிப் பார்ப்பார், அப்பொழுது நான் அவருக்கு எத்தனாய்க் காணப்பட்டு..." எத்தனாக இருப்பது அவனுக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை, எத்தனாகக் காணப்படுவதுதான் பிரச்சினை. அம்மா அதற்கும் வழி வைத்திருக்கிறாள். ஏசாவின் நல்ல உடுப்பை எடுத்து உடுத்தி, ரோமம் அடர்ந்த ஏசாவைப் போல இருக்கட்டும் என்று கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிவிடுகிறாள்.

உள்ளே போனதும், "நீ யார்?" என்கிறார் அப்பா. "நான் உமது மூத்த மகனாகிய ஏசா" என்கிறான். இவ்வளவு சீக்கிரம் எப்படி வேட்டை கிடைத்தது என்று அடுத்த கேள்வி. இங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும். "உம்முடைய தேவனாகிய கர்த்தர் எனக்கு நேரிடப்பண்ணினார்." ஒரு பொய்யைக் காப்பாற்றக் கடவுளையே சாட்சிக்கு இழுக்கிறான். அதிலும் 'உம்முடைய' தேவன். என்னுடைய தேவன் என்று சொல்ல அவனுக்கே வாய் வரவில்லை போலிருக்கிறது.

ஈசாக்கு தடவிப் பார்க்கிறார். கை ரோமமாக இருக்கிறது. சாப்பாட்டை ருசி பார்க்கிறார், சரியாக இருக்கிறது. கிட்டே இழுத்து முத்தமிடும்போது உடுப்பை முகர்கிறார், வயல்வெளி வாசனை. கண் ஏற்கெனவே இல்லை. தொடுவது, ருசிப்பது, முகர்வது எல்லாம் அவரைக் கைவிடுகின்றன. காது ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. "சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்." சரியாகச் சொன்ன அந்த ஒரு சாட்சியைத் தள்ளிவிட்டு, பொய் சொன்ன மற்ற சாட்சிகளை நம்பினார். ஏமாறுகிறவர்கள் பலருக்கும் இப்படி ஒரு குரல் உள்ளே கேட்டிருக்கும். சீட்டுப் பணம் போட்டுத் தொலைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், "அன்னைக்கே மனசுல பட்டுச்சு" என்பார்கள்.

சரி, வேலை முடிந்தது. ஏசா வந்து கதறுகிறான். "அவன் பேர் யாக்கோபு என்னப்பட்டது சரியல்லவா? இதோடே இரண்டுதரம் என்னை மோசம்போக்கினான்." யாக்கோபு என்ற பெயருக்குக் குதிகாலைப் பிடிக்கிறவன், எத்தன் என்று அர்த்தம் சொல்வார்கள். முதல் தரம் மூத்தவன் உரிமையைக் கூழுக்கு வாங்கிக்கொண்டது. (இன்றைய தமிழில் மோசம் என்றால் கெட்டது, பைபிள் தமிழில் மோசம்போவது என்றால் ஏமாந்துபோவது. "மோசம்போகாதிருங்கள்" என்ற வசனத்தை இளசுகள் 'கெட்டுப் போகாதீர்கள்' என்று படித்துவிடுகிறார்கள்.) தம்பியைக் கொல்லப் போகிறேன் என்று ஏசா மனதுக்குள் கறுவுகிறான். ரெபெக்காள் யாக்கோபை ஆரானில் இருக்கும் தன் அண்ணன் லாபான் வீட்டுக்கு அனுப்புகிறாள். "சிலநாள்" இரு, கோபம் தணிந்ததும் ஆளனுப்பிக் கூப்பிடுகிறேன் என்கிறாள்.

அந்தச் சிலநாள் இருபது வருஷமாயிற்று. கூப்பிட அவள் ஆளனுப்பியதாக எங்கும் எழுதியில்லை. தாயும் மகனும் மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்ததாகவும் இல்லை. அவளுடைய தாதி தெபொராள் செத்ததைக்கூட ஆதியாகமம் இடம் சொல்லிக் குறித்துவைத்திருக்கிறது. ரெபெக்காளின் சாவைக் குறிக்கவில்லை. குடும்பக் கல்லறையான மக்பேலா குகையில் அடக்கம்பண்ணப்பட்டாள் என்பது மட்டும் பிற்பாடு யாக்கோபின் கடைசிப் பேச்சில் போகிறபோக்கில் தெரிகிறது. "உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும்" என்று அன்றைக்கு மகனிடம் சொன்னவள் அவள்.

இன்னொரு கணக்கும் உண்டு. யாக்கோபின் மகன் யோசேப்பு எகிப்து ராஜா பார்வோன் முன் நின்றபோது வயது 30. அதன்பின் விளைச்சல் வருஷம் 7, பஞ்சம் 2, ஆக 39 வயதில் அப்பாவை எகிப்துக்கு அழைக்கிறான். அப்போது யாக்கோபுக்கு 130. அப்படியானால் யோசேப்பு பிறந்தபோது யாக்கோபுக்கு 91. லாபானிடம் 14 வருஷம் உழைத்து முடிந்த சமயம் அது. ஆக, ஆட்டுத்தோல் சுற்றிக்கொண்டு அப்பா முன் நின்றபோது அவனுக்கு 77 வயது! அறியாப் பையனின் விளையாட்டு என்று சொல்ல வழியில்லை. ஈசாக்கு 60 வயதில் பெற்ற பிள்ளை அவன்; அதனால் அன்று ஈசாக்குக்கு 137. அவர் செத்தது 180இல். சாகப்போகிறார், இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று அந்த வீடே பதறியதே, அந்த மனிதர் அதற்கப்புறம் 43 வருஷம் உயிரோடு இருந்தார்.

இனி லாபான் வீடு. லாபானின் இளைய மகள் ராகேலுக்காக ஏழு வருஷம் மாடாய் உழைக்கிறான் யாக்கோபு. அது அவனுக்குக் "கொஞ்சநாளாகத்" தோன்றியது என்கிறது வசனம். அம்மா சொன்ன "சிலநாள்" என்பதும் இந்தக் "கொஞ்சநாள்" என்பதும் எபிரேயத்தில் ஒரே சொற்கள்தான். கல்யாண ராத்திரி இருட்டில் லாபான் மூத்தவள் லேயாளைக் கொண்டுபோய் விடுகிறான். காலையில்தான் குட்டு உடைகிறது. "பின்னை ஏன் எனக்கு வஞ்சகம் பண்ணினீர்?" என்று மாமனிடம் பாய்கிறான். லாபான் அலட்டிக்கொள்ளவே இல்லை: "மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கம் அல்ல."

இந்தப் பதிலைத் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்கள் ஊர்வழக்கம் என்று சாதாரணமாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடுவோம். 'இவ்விடத்து' என்ற சொல்லில்தான் ஊசி இருக்கிறது. உங்கள் ஊரில் இளையவன் மூத்தவனைத் தாண்டி வரலாமோ என்னவோ, இங்கே அது நடக்காது, மாப்பிள்ளை! கண் தெரியாத அப்பாவிடம் மூத்தவனாகப் போய் நின்ற இளையவனுக்கு, கண் தெரியாத இருட்டில் இளையவள் இடத்தில் மூத்தவள் வந்து சேர்ந்தாள். எத்தனுக்கு எத்தன். பழைய யூத விளக்கம் ஒன்றில் காலையில் யாக்கோபு லேயாளைத் திட்டுகிறான்: ராத்திரி நான் ராகேல் என்று கூப்பிட்டபோதெல்லாம் நீ ஏன் குரல் கொடுத்தாய்? அவள் திருப்பிக் கேட்கிறாள்: சீடர் இல்லாத வாத்தியார் உண்டா? உன் அப்பா ஏசா என்று கூப்பிட்டபோது நீ குரல் கொடுக்கவில்லையா?

வேத எழுத்தாளர் இதைத் தற்செயலாக எழுதவில்லை என்பதற்குச் சொல்லே சாட்சி. 27ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு ஏசாவிடம், "உன் சகோதரன் தந்திரமாய் வந்து" என்று சொல்லும் இடத்தில் எபிரேயச் சொல் 'மிர்மா'. 29ஆம் அதிகாரத்தில் "வஞ்சகம் பண்ணினீர்" என்று யாக்கோபு கத்துவதும் அதே வேர்ச்சொல்லில்தான். 34ஆம் அதிகாரத்தில் அவனுடைய பிள்ளைகள் சீகேம் ஊராருக்கு "வஞ்சகமான மறுமொழி" சொல்லி, நம்ப வைத்து, ஊரையே வெட்டிச் சாய்க்கிறார்களே, அங்கும் மிர்மாதான். வீட்டில் அப்பா பேசும் பாஷையைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது போல இந்தச் சொல் தலைமுறை தாண்டுகிறது.

இப்போது நான் சொன்ன வெள்ளாடு. யோசேப்புக்கு 17 வயது. அண்ணன்மார் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டு, ஒரு வெள்ளாட்டுக்கடாவை அடித்து, அவனுடைய பலவருண அங்கியை இரத்தத்தில் தோய்த்து அப்பாவுக்கு அனுப்புகிறார்கள். "இதை நாங்கள் கண்டெடுத்தோம், இது உம்முடைய குமாரனுடைய அங்கியோ, அல்லவோ, பாரும்." கவனித்தால் இதில் கண்டெடுத்தோம் என்பதைத் தவிர பொய்யே இல்லை. தம்பி செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு துணியைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். மிச்சத்தை அப்பாவே முடித்துக்கொண்டார்: "ஒரு துஷ்டமிருகம் அவனைப் பட்சித்துப்போட்டது." பைபிள் பொய்யையும் வஞ்சனையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாததற்கு இது ஒரு நல்ல உதாரணம். வாயால் பொய்யே சொல்லாமல் ஒருவரை ஏமாற்றிவிட முடியும். உண்மையான துணியைக் காட்டிப் பொய்யான சாவை நம்பவைக்க முடியும்.

ஒரு வெள்ளாடு, அண்ணன் தம்பியின் உடுப்பு, அப்பா. மூன்றும் திரும்ப வந்திருக்கின்றன; ஆள்தான் இடம் மாறிவிட்டான். அப்புறம் அந்தப் பிள்ளைகளே சுற்றி உட்கார்ந்து அவனுக்கு ஆறுதலும் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறது. 22 வருஷம் அந்தப் பொய்யோடு ஒரே கூடாரத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். மேலே போட்ட கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் இன்னொன்றும் வரும்: அங்கி வந்து சேர்ந்த அன்று யாக்கோபுக்கு 108, ஈசாக்குக்கு 168. ஈசாக்கின் சாவை ஆதியாகமம் முன்கூட்டியே 35ஆம் அதிகாரத்தில் சொல்லிவிட்டாலும், வயசுக் கணக்குப்படி அந்தக் கிழவர் அப்போது எபிரோனில் உயிரோடுதான் இருக்கிறார். யாக்கோபு குடியிருந்ததும் அதே எபிரோன் பக்கம்தான். மகன் இரத்தம் தோய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறான். ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து ஏமாந்த அப்பாவுக்கும் அந்த அழுகை காதில் விழுந்திருக்கும்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்ன அண்ணன் யூதாவுக்கு அடுத்த அதிகாரத்திலேயே முறை வருகிறது. மருமகள் தாமாருக்குக் கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றவில்லை. அவள் வேசி போல முக்காடு போட்டு வழியோரம் உட்கார்ந்து அவனையே ஏமாற்றுகிறாள். அவளுக்கு அவன் பேசிய கூலி என்ன தெரியுமா? ஒரு வெள்ளாட்டுக்குட்டி. பிறகு அவள் அதற்கு அடகாக வாங்கிவைத்த அவனுடைய மோதிரத்தையும் கோலையும் அனுப்பி, இவை யாருடையவை "பாரும்" என்கிறாள். அப்பாவுக்கு அங்கியை அனுப்பியபோது சொன்ன அதே "பாரும்". பழைய ரபிமார் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்: நீ உன் அப்பாவிடம் பாரும் என்றாய், உன்னிடம் தாமார் பாரும் என்பாள்.

இந்தக் கதை முழுக்கக் கடவுள் யாரையும் இடி விழவைத்துத் தண்டிக்கவில்லை. கேள்வி கேட்டவர் அதைச் சொன்னது சரிதான். எனக்குத் தோன்றுவது, இங்கே தண்டனை வெளியிலிருந்து வர வேண்டிய தேவையே இல்லை என்பது. "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்று பவுல் பிற்பாடு எழுதியதில் 'அதையே' என்ற சொல்லை நாம் வேகமாகப் படித்துவிடுகிறோம். நெல் போட்டவனுக்குக் கம்பு வராது.

"ஆனாலும் ஆசீர்வாதம் பலித்ததே?" என்பது கேள்வியின் அடுத்த பாதி. பலித்ததா? ஆட்டுத்தோலோடு வாங்கியதில் இருந்தது என்ன: வானத்துப் பனி, பூமியின் கொழுமை, தானியம், திராட்சரசம், அப்புறம் உன் சகோதரருக்கு நீ எஜமானாக இரு, உன் தாயின் பிள்ளைகள் உன்னை வணங்குவார்கள் என்ற வாக்கு. ஆபிரகாமுக்குக் கொடுத்த தேசமும் சந்ததியும் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அது அடுத்த அதிகாரத்தில் வருகிறது. ஆரானுக்குப் புறப்படும்போது ஈசாக்கு யாக்கோபைக் கூப்பிட்டு, இவன் யாக்கோபு என்று நன்றாகத் தெரிந்தே, ஆபிரகாமின் ஆசீர்வாதத்தைக் கொடுக்கிறார். தோலும் வேண்டியிருக்கவில்லை, அண்ணன் சட்டையும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் பிறக்குமுன்பே மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று கர்த்தர் ரெபெக்காளிடம் சொல்லியிருந்தார் அல்லவா. அவனுக்கு உரியது எப்படியும் வந்திருக்கும்.

திருடி வாங்கிய பாகம் என்னாயிற்று? இருபது வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேள்விப்பட்டு யாக்கோபு நடுங்குகிறான். முன்னாலேயே வெகுமானம் அனுப்புகிறான்: வெள்ளாடு 200, கடா 20, அப்புறம் செம்மறி, ஒட்டகம், மாடு, கழுதை என்று கூட்டினால் 550 உருப்படி, ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமல். அன்றைக்கு இரண்டு வெள்ளாட்டுக்குட்டியில் முடிந்த காரியம். இன்றைக்கு வெள்ளாடு மட்டுமே 220. எஜமானாக இரு என்று ஆசீர்வாதம் வாங்கியவன் ஏழுதரம் தரைமட்டும் குனிந்து அண்ணனை வணங்கி, "என் ஆண்டவன்" என்று கூப்பிடுகிறான். "என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்" என்று கெஞ்சுகிறான். தமிழில் காணிக்கை என்று வரும் அந்தச் சொல் எபிரேயத்தில் நேராக 'என் ஆசீர்வாதம்'. இந்தா, எடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள் என்பதுபோல் இருக்கிறது. ஏசா எப்போதோ மன்னித்துவிட்டான், ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறான். இருபது வருஷப் பயமெல்லாம் யாக்கோபின் மனதில் மட்டும்தான் ஓடியிருக்கிறது.

மற்ற வேத பாகங்கள் யாக்கோபை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் ஓசியா தீர்க்கதரிசி அவன் பெயரைச் சொல்லியே பேசுகிறார்: கர்த்தர் யாக்கோபை அவன் வழிகளுக்குத் தக்கதாக விசாரிப்பார், தாயின் கர்ப்பத்திலேயே சகோதரனின் குதிகாலைப் பிடித்தவன் அவன். நாலைந்து வசனம் தள்ளி அந்தக் காலத்து வியாபாரியைக் காட்டுகிறார்: "கள்ளத்தராசு அவன் கையில் இருக்கிறது." அந்தக் 'கள்ள' என்பதற்கு மூலத்தில் இருப்பதும் மிர்மா. கூடாரத்தில் தொடங்கிய சொல் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. எரேமியா இன்னும் உள்ளே போகிறார். "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது" என்ற வசனம் எல்லாருக்கும் தெரியும்; வஞ்சனையுள்ளது என்று அர்த்தமாகும் அந்தத் 'திருக்குள்ளது' யாக்கோபு என்ற பெயர் வந்த வேரிலிருந்தே வருகிற சொல். ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு யாக்கோபு உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் எபிரேயம் தெரிந்தவர் காதில் அது விழும்.

தராசு என்றதும் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் வஞ்சனையைப் பற்றிப் பைபிள் மிகவும் விவரமாகப் பேசும் இடம் கடைதான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." (சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல்.) அந்தக் காலத்து எடைக்கல் நிஜமாகவே கல். யூதேயாவில் தோண்டிய இடங்களில் குமிழ் மாதிரித் தேய்த்த சின்னச் சுண்ணாம்புக் கற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். அடியில் கொஞ்சம் சுரண்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? அதனால்தான் உபாகமம், பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்காதே என்கிறது: வாங்கும்போது பெரிசு, விற்கும்போது சிறிசு. ஆமோஸ் வியாபாரிகளின் மனதையே பேசவிடுகிறார், "மரக்காலைக் குறைத்து, சேக்கல் நிறையை அதிகமாக்கி" என்று. எப்பா என்ற எபிரேய அளவைக்கு மரக்கால் என்று தமிழாக்கியவர்கள் நம் ஊர்ச் சந்தையை அறிந்தவர்கள். என் பாட்டி தானியம் வாங்கப் போகும்போது வீட்டுப் படியையும் கூடையில் போட்டுக்கொண்டு போவார். கடைக்காரர் படியின் அடித்தகடு உள்பக்கம் தட்டி உயர்த்தப்பட்டிருக்கும், அளக்கும்போது கட்டைவிரல் வேறு உள்ளே இருக்கும் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆமோசை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "இதெல்லாம் அங்கேயும் உண்டா?" என்று சிரித்தார்.

நீதிமொழிகளில் இன்னொரு வசனம் அதே அனுபவத்தை நாக்கில் வைக்கிறது: "வஞ்சனையினால் வந்த போஜனம் மனுஷனுக்கு இன்பமாயிருக்கும், பின்போ அவனுடைய வாய் பருக்கைக்கற்களால் நிரப்பப்படும்." முதல் பாதியை மறைக்கவில்லை பாருங்கள். இன்பமாகத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொள்கிறது. கல் பிறகுதான் கடிபடுகிறது.

உடனடித் தண்டனைக் கதைகளும் உண்டு. எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசி, சீரியப் படைத்தலைவன் நாகமானிடம் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுடுப்பும் வாங்கினான், குஷ்டரோகியாகப் புறப்பட்டுப் போனான். நிலம் விற்ற பணத்தில் பொய் சொன்ன அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் அப்போஸ்தலர் பாதத்தருகே விழுந்து செத்தார்கள். பிரசங்கங்களில் இவையே திரும்பத் திரும்ப வருவதால், பைபிளில் வஞ்சகம் என்றால் உடனே அடி விழும் என்று ஒரு எண்ணம் நமக்கு ஒட்டிக்கொண்டது. அனனியா விஷயத்தில் காணிக்கை குறைத்துக் கொடுத்ததற்குத்தான் செத்தான் என்று சொல்வது தவறு. பேதுருவே சொல்கிறார்: "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" பணம் அவனுடையது, முழுவதும் வைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுசும் கொடுத்ததாகப் பேர் வாங்கப் பார்த்ததுதான் விஷயம்.

ஏமாற்றப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. கானானில் குடியிருந்த கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்தியையும் காட்டி, தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்று இஸ்ரவேலரின் தலைவன் யோசுவாவை நம்பவைத்து உடன்படிக்கை வாங்கினார்கள். மூன்றே நாளில் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கொடுத்த ஆணையை இஸ்ரவேலர் முறிக்கவில்லை. அவர்களை விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்துக்கொண்டார்கள். பல தலைமுறை கழித்து சவுல் ராஜா அந்த ஆணையை மீறி அவர்களைக் கொன்றதற்காக, தாவீது காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது. அவன் ஏமாற்றினான், அதனால் நானும் வாக்கு மாறலாம் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய்? இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். பார்வோன் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்னபோது சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் சாக்குச் சொல்லிப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தார்கள். தேவன் அவர்களுக்கு நன்மைசெய்தார் என்று யாத்திராகமம் எழுதுகிறது. எரிகோ ஊர் ராகாப் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்தாள், புதிய ஏற்பாடு அவளைப் பாராட்டுகிறது. எந்தப் பொய்யும் பாவமே என்று வாதாடிய பழைய திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீன், அவர்களுக்குப் பலன் கிடைத்தது இரக்கத்துக்காக, பொய்க்காக அல்ல என்று பிரித்துப் பார்த்தார். அதே அகுஸ்தீன் யாக்கோபு செய்தது பொய்யல்ல, இரகசிய அர்த்தம் உள்ள செயல் என்று காப்பாற்றவும் செய்தார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. மருத்துவச்சிகள் தங்களுக்கென்று எதையும் பறிக்கவில்லை, கொலைகாரன் கையிலிருந்து பறித்தார்கள். யாக்கோபு கண் தெரியாத அப்பாவிடமிருந்து பறித்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க ஆதியாகமமே இடம் கொடுக்கவில்லை.

யாக்கோபு மாறினானா? யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை ஒருவர் அவனோடு போராடுகிறார். ஆசீர்வதித்தாலொழிய விடமாட்டேன் என்கிறான். ஆசீர்வாதம் கேட்கும் இடத்தில் மறுபடியும் அதே மாதிரி ஒரு கேள்வி வருகிறது: "உன் பேர் என்ன?" அப்பா கேட்டபோது ஏசா என்றவன் இந்தத் தடவை "யாக்கோபு" என்றான். எத்தன் என்று அண்ணன் அழுதுகொண்டே அர்த்தம் சொன்ன பெயர் அது. இஸ்ரவேல் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் கிடைத்தது, கூடவே நொண்டலும். யோவான் சுவிசேஷத்தில் நாத்தான்வேலைப் பார்த்து இயேசு, "இதோ, கபடற்ற உத்தம இஸ்ரவேலன்" என்கிறாரே, அந்தக் கபடுக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லையே, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு யாக்கோபு "தந்திரமாய் வந்து" என்ற இடத்தில் போட்டிருக்கிறது. நாலு வசனம் கழித்து ஏறுகிற இறங்குகிற தேவதூதர்களும் வருகிறார்கள், யாக்கோபு கனவில் கண்ட ஏணியிலிருந்து. யாக்கோபு இல்லாத இஸ்ரவேல் ஒருவனைக் கண்டேன் என்கிற வேடிக்கைப் பேச்சு அது என்று நினைக்கிறேன்.

ஆனால் யாக்கோபு ஒரே இரவில் திருந்தினான் என்று முடித்துவிட்டால் அது பிரசங்கமாகிவிடும். ஏசாவைக் கட்டிப்பிடித்து அழுத அதே நாளில், நீர் முன்னே போம், பிள்ளைகளையும் மந்தையையும் மெதுவாக நடத்திக்கொண்டு உம்முடைய ஊரான சேயீருக்கு உம்மிடம் வருகிறேன் என்று சொன்னான். ஏசா போனதும் வேறு திசையில் திரும்பி, சுக்கோத்துக்குப் போய், வீடு கட்டி, மாடுகளுக்குக் கொட்டாரம் போட்டான். சேயீருக்கு அவன் போனதாக எங்கும் இல்லை. அண்ணனும் தம்பியும் மறுபடி ஒன்றாக நின்றதாக எழுதியிருப்பது அப்பாவின் அடக்கத்தில்தான். ஆபிரகாமை அடக்கம்பண்ணியபோது "ஈசாக்கும் இஸ்மவேலும்" என்று இளையவன் பெயரை முதலில் போட்ட அதே ஆதியாகமம், இங்கே மூத்தவனை மூத்தவனாகவே வைத்து எழுதுகிறது: "ஏசாவும் யாக்கோபும் அவனை அடக்கம்பண்ணினார்கள்."